எட்டாவது பிரிவு

எங்கள் தொழிற்சாலையில் யாருக்கும் வீட்டில் வைத்த பெயர் கிடையாது. இருக்கிறது, ஆனால் அது சம்பளச் சீட்டோடு சரி. மற்றபடி ஆளை மெஷின் பெயரால்தான் கூப்பிடுவோம். நான் காலர். சட்டைக்குக் காலர் வைத்துத் தைப்பவள், பதினாறு வருடமாக அதே வேலை. பொத்தானுக்குத் துளை போடுவது காஜா மெஷின். அதில் உட்கார்ந்திருந்த இருபத்துமூன்று வயதுப் பெண்ணும் எங்களுக்குக் காஜாதான்.

அந்தக் காஜா ஒரு வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாட்டு மணி அடித்ததும் என்னைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய், தலைவர் தன்னிடம் எப்படி நடந்துகொண்டார் என்று சொன்னாள்.

தலைவர் என்றால் கம்பெனித் தலைவர் இல்லை. அந்த ஆளாக இருந்தால் இந்தக் கதைக்கே வேலை இருந்திருக்காது, அன்று சாயங்காலமே கேட்டை மறித்து உட்கார்ந்திருப்போம். இவர் எங்கள் சங்கத்தின் தலைவர்.

"நோட்டீஸ் மடிக்கணும், சங்க ரூமுக்கு வான்னு கூப்பிட்டார்க்கா. எல்லாரும் வருவாங்கன்னு நெனச்சுதான் போனேன். யாரும் இல்ல. முதல் தடவ கை தெரியாமப் பட்டுடுச்சுன்னு நெனச்சேன். அடுத்த தடவ, நான்தான் ஏதோ தப்பா சிரிச்சுட்டேனோன்னு நெனச்சேன். போன வாரம் தாழ்ப்பாள் போட்டுட்டார். பெஞ்சத் தள்ளி விட்டுட்டு ஓடி வந்தேன்."

அழவில்லை. சாப்பாட்டு டப்பாவின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

"அக்கா, ஒண்ணு சொல்றேன். நான் சங்கத்த விட்டுப் போக மாட்டேன். அந்த ரூமுக்கு நான் வரணும். அவர் அங்க இருக்கக் கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்."

அவளுக்கு என்ன வேண்டும் என்பதை ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். நான்தான் காதில் வாங்கவில்லை. "நீ கவலப்படாத, நான் பாத்துக்கறேன்" என்றேன். இந்த 'நான் பாத்துக்கறேன்' என்பதைச் சொல்லும்போது எனக்கு வாயெல்லாம் நிறைந்துவிடும். சங்கத்தின் இணைச் செயலாளர் அல்லவா.

அன்று மதியம் தைத்த காலர்களில் பாதிக்கு மேல் செக்கிங்கில் பிழை என்று திரும்பி வந்தன. கை ஒரு பக்கம், புத்தி ஒரு பக்கம். நம்பவில்லை என்று இல்லை, கேட்ட நிமிடமே நம்பினேன். நம்பியதுதான் சங்கடம். ஏனென்றால் எட்டு வருடத்துக்கு முன்னால், என் புருஷன் என்னை அடித்துத் தெருவில் தள்ளிய அன்று, நாலு ஆட்களோடு வந்து என் டிரங்குப் பெட்டியை எடுத்துத் தந்தவர் இந்தத் தலைவர்தான். வாடகைக்கு அறை பார்த்துத் தந்தார். ஒரு பார்வை தப்பாகப் பார்த்ததில்லை. அன்றிலிருந்து அவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறேன். கூடப் பிறந்தவன் செய்யாததைச் செய்தார், அதை இன்றைக்கும் இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்தக் கைதான் தாழ்ப்பாளும் போட்டிருக்கிறது. இரண்டும் உண்மை என்பதை ஏற்றுக்கொள்ள எனக்கு ஒரு மதியம் முழுக்கப் பிடித்தது.

அதற்குப் பிறகு நான் செய்த காரியம் இருக்கிறதே, அதைச் சங்கத்தில் ஊறிய ஆள் மட்டும்தான் செய்ய முடியும்.

எங்கள் சங்க அறையில் ஒரு புகார்ப் புத்தகம் உண்டு. பக்க எண் அச்சடித்த தடித்த நோட்டு. யார் மேல் புகார் வந்தாலும் தேதி, மெஷின் எண், பெயர், நடந்தது எல்லாம் அதில் ஏறியாக வேண்டும். கமிட்டி ஆட்கள் ஐந்து பேரும் அதைப் படித்து, கீழே 'படித்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். முன்பெல்லாம் புகார்கள் துண்டுச் சீட்டாக வந்து யாருடைய சட்டைப் பையிலாவது சலவைக்குப் போய்விடும் என்று, தலைவரே கொண்டுவந்த ஏற்பாடு இது. சூப்பர்வைசர்கள் மேல் வந்த புகார் நூற்றுக்கணக்கில் என் கையால் எழுதியிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குச் சங்க அறைக்குப் போனேன். அறையில் யாரும் இல்லை. புத்தகத்தைத் திறந்தேன். கை தன்னால் எழுதியது. தேதி, ஏழாவது வரிசை, மூன்றாவது மெஷின், அவள் முழுப் பெயர், தாழ்ப்பாள், பெஞ்சு. ஒரு பக்கம் நிறைய எழுதி, என் கையெழுத்தையும் போட்டு, வழக்கமான தட்டில் வைத்தேன். திங்கட்கிழமை, கமிட்டியில் இருக்கும் செக்கிங் அக்காவிடம் முதலில் பேசிவிட்டுக் கூட்டத்துக்கு நாள் குறிக்கலாம் என்பது என் கணக்கு. வேலையைச் சுத்தமாக முடித்த நிம்மதியில் வீட்டுக்குப் போய்ப் படுத்தேன். அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

சனிக்கிழமை காலை தலைவர் அறைக்கு வந்திருக்கிறார். புத்தகத்தைத் திறந்திருக்கிறார். தன் மேல் வந்த புகாரை முழுக்கப் படித்துவிட்டு, விதிப்படி 'படித்தேன்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார். சாயங்காலமே ஒரு பை ஆப்பிளோடு காஜாவின் வீட்டில் போய் நின்றிருக்கிறார்.

திங்கட்கிழமை அவள் மெஷினில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். அரை நாள் லீவு சொல்லிவிட்டு அவள் வீட்டுக்கு ஓடினேன்.

சித்தி வீட்டில் இருப்பவள் அவள். அம்மா அப்பா இல்லை. மாடிப்படிக்குக் கீழே ஒரே அறை, திரை போட்டுச் சமையலுக்குத் தடுத்திருந்தார்கள். கதவைத் திறந்தாள். உள்ளே வரச் சொல்லவில்லை.

"நீங்க எழுதினீங்களாக்கா?"

"எழுதினேன்."

"என் பேரோடவா?"

"பேரோட."

"உங்கள நம்பித்தான் சொன்னேன். நோட்டுகிட்ட சொல்லணும்னா நானே போய்ச் சொல்லியிருப்பேன்ல?"

அவள் நிறுத்தவில்லை.

"சித்தப்பாகிட்ட வந்து உக்காந்து பேசறார். பொண்ணு தங்கமான பொண்ணு, யாரோ தூண்டி விடறாங்க, சம்பளப் பேச்சுவார்த்தை நேரத்துல கம்பெனிக்காரன் பண்ற வேலைங்கறார். சித்தப்பா என்ன சொல்றார் தெரியுமா? வேலைக்கே போக வேணாமாம். அவர் ரூம்ல உக்காந்திருப்பார், நான் வீட்ல உக்காந்திருக்கணுமா?"

"தப்பு என்னுதுதான்" என்றேன். "உன்னக் கேக்காம எழுதினது தப்பு. அந்தப் பக்கத்த இன்னிக்கே கிழிச்சுடறேன்."

"பாத்தீங்களா, மறுபடியும் நீங்களாவே ஒண்ணு செய்யறீங்க."

சுருக்கென்றது. அப்போதுதான், மூன்று நாள் தாமதமாக, வெள்ளிக்கிழமையே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன். "நீ சொல்லு. என்ன செய்யணும்?"

கதவை முழுக்கத் திறந்தாள். உள்ளே போய் உட்கார்ந்தேன்.

"கிழிக்காதீங்க. படிச்சுக் கையெழுத்துப் போட்டுட்டேன்னு அவரே சித்தப்பாகிட்ட சொன்னார், அது இருக்கட்டும். ஆனா நான் வந்து எல்லார் முன்னாடியும் திரும்பச் சொல்ல மாட்டேன். கமிட்டி அதப் படிக்கட்டும். வெளிய என் பேரு போகக் கூடாது. வேற வரிசைக்கு மாத்திக்கறியான்னு யாரும் கேக்கக் கூடாது. நான் எதுக்கு மாறணும்? மாற வேண்டியது அவரு."

திரைக்குப் பின்னாலிருந்து சித்தி வந்தார். இத்தனை நேரம் பாத்திரச் சத்தம்கூட இல்லாமல் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். கையில் அந்த ஆப்பிள் பை, முடிச்சுக்கூட அவிழ்க்கவில்லை.

"இத நாங்க தொடல. எடுத்துட்டுப் போய் அவர்கிட்டயே குடுத்துடுங்க. இவ சித்தப்பாவ நான் பாத்துக்கறேன். அந்த மனுஷன் சத்தம் போடுவார், சோறு போட்டா அடங்கிடுவார்."

புதன்கிழமை சாயங்காலம் கமிட்டி கூடியது. ஐந்து பேர்: தலைவர், நான், கட்டிங் மாஸ்டர், அயர்ன்காரர், செக்கிங் அக்கா. செக்கிங் அக்காவிடம் முன்கூட்டியே எல்லாம் சொல்லியிருந்தேன், காஜாவிடம் கேட்டுவிட்டுத்தான். மேஜை மேல் ஒரு பக்கம் புகார்ப் புத்தகம், இன்னொரு பக்கம் ஆப்பிள் பை. தலைவர் பையைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. ஒரு நொடிதான், உடனே சிரித்துக்கொண்டார்.

"அண்ணா, இன்னிக்குப் பேசப் போறது உங்க மேல வந்த புகாரப் பத்தி. நீங்க வெளிய இருங்க" என்றேன்.

"நான் கட்டின சங்கத்துல என்னையே வெளிய போகச் சொல்றியாம்மா? உன் பெட்டியத் தலையில வச்சுத் தூக்கிட்டு வந்தவன் நான்."

"ஆமா, தூக்கினீங்க. நான் மறக்கல. அதுக்கு நான் கடன்பட்டிருக்கேன், அந்தப் பொண்ணு படல. வெளிய இருங்கண்ணா."

போனார். படியில் அவர் செருப்புச் சத்தம் கீழே இறங்கியது.

முதலில் வெடித்தவர் கட்டிங் மாஸ்டர். நூறு அடுக்குத் துணியை ஒரே வெட்டில் வெட்டுகிறவர், பேச்சும் அப்படித்தான். "அடுத்த வியாழக்கிழம பேச்சுவார்த்த. எட்டு நாள் இருக்கு. நம்ம தலைவரையே நாம எறக்கிட்டோம்னு தெரிஞ்சா கம்பெனிக்காரன் நம்மள நார் நாராக் கிழிச்சுடுவான். ஒரு மாசம் பொறுக்கக் கூடாதா? எழுநூறு பேர் சம்பளம் பெருசா, ஒருத்தி சொல்றது பெருசா?"

"ஒரு மாசம் அந்தப் பொண்ணு எங்க இருப்பா மாஸ்டர்?" என்று கேட்டார் செக்கிங் அக்கா. இவர் சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. ஒரு தையல் பிசகினாலும் சட்டையைத் திருப்பி அனுப்பிவிட்டு மௌனமாக அடுத்ததை எடுப்பவர். "வீட்லயா?"

"அப்போ பொய் சொல்றாளா இல்லையான்னு எப்படித் தெரியும்?"

நான் புத்தகத்தைத் திருப்பி மாஸ்டர் முன்னால் வைத்தேன். "படிங்க."

படித்தார். அயர்ன்காரர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துப் படித்தார். கடைசி வரியில் தலைவர் கையெழுத்து.

"படித்தேன்னு எழுதியிருக்கார்" என்றேன். "பொய்னு எழுதல. எனக்குப் போன் பண்ணல. உங்களக் கூப்பிட்டுக் கேக்கல. பழம் வாங்கிட்டு நேரா அவ வீட்டுக்குப் போயிருக்கார். பொய்ப் புகார் வந்தா நீங்க அதத்தான் செய்வீங்களா மாஸ்டர்?"

மாஸ்டர் அப்போதும் விடவில்லை. "விசாரிக்கலாம். வேண்டாங்கல. விசாரண முடியற வரைக்கும் அவர் பாட்டுக்குத் தலைவரா இருக்கட்டும். அந்தப் பொண்ண வேணா ரெண்டாவது ஷிப்டுக்கு மாத்திடலாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் எங்கள் ஒப்பந்தம் மாட்டியிருக்கும். ஆணியிலிருந்து கழற்றிக் கொண்டுவந்து மேஜையில் வைத்தேன். மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு சூப்பர்வைசர் பெண்களிடம் வாலாட்டியபோது, பதினொரு நாள் வேலை நிறுத்தம் செய்து கம்பெனியிடம் வாங்கிய ஒப்பந்தம். எட்டாவது பிரிவைச் சத்தமாக வாசித்தேன். புகாருக்கு உள்ளானவர் விசாரணை முடியும்வரை பணியிடத்துக்கு வரக் கூடாது. புகார் கொடுத்தவரை எந்தக் காரணத்துக்காகவும் இடம் மாற்றக் கூடாது.

"அது கம்பெனிக்குப் போட்டது" என்றார் மாஸ்டர்.

"கம்பெனிக்காரன் கை பட்டா அழுக்கு, நம்ம ஆள் கை பட்டா சுத்தமா?"

அயர்ன்காரர் எழுந்து ஜன்னலருகே போனார். நாள் முழுக்க ஆவியில் நிற்பவர், அவருக்கு எப்போதும் காற்று வேண்டும். தலைவரோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர், அவருடைய கல்யாணத்தை முன்னால் நின்று நடத்தியவர். அவர் அந்தப் பக்கம்தான் என்று நான் முடிவே கட்டியிருந்தேன்.

"பதினோரு நாள்ல எட்டு நாள் நான் சாப்பிடாமக் கெடந்தேன்" என்றார், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே. "எட்டாவது பிரிவு இல்லாம ஒப்பந்தம் வேண்டாம்னு சொன்னதே அவன்தான். நானும் நம்பிப் பட்டினி கெடந்தேன். இப்போ அது நமக்கு இல்லன்னா, நான் என்ன பைத்தியக்காரனா?" திரும்பினார். கண் சிவந்திருந்தது. "அவன் வெளிய இருக்கட்டும். எழுதிக்கோம்மா."

மூன்று பேர் இந்தப் பக்கம், மாஸ்டர் ஒருவர் அந்தப் பக்கம். வேறு ஊர்ச் சங்கத்திலிருந்து, தலைவரைத் தெரியாத இரண்டு பெண்கள் வந்து விசாரிப்பார்கள் என்று தீர்மானம் போட்டோம். தீர்மானத்தில் பெயர் இல்லை, 'ஓர் உறுப்பினர்' என்று மட்டும். புகார்ப் புத்தகத்தை செக்கிங் அக்கா துணியில் சுற்றித் தன் வீட்டுப் பீரோவுக்குக் கொண்டுபோனார். அயர்ன்காரர் கீழே இறங்கிப் போய் அறைச் சாவியை வாங்கி வந்தார். என்ன பேசிக்கொண்டார்கள் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அடுத்த ஒரு வாரம் எனக்கு நன்றாகவே நடந்தது. கழிப்பறைக் கதவில் என்னைக் கம்பெனிக் கைக்கூலி என்று சாக்பீஸால் எழுதினார்கள், அதிலும் எழுத்துப் பிழை. என் மெஷின் பெல்ட்டை யாரோ பாதி அறுத்து வைத்தார்கள். பன்னிரண்டு வருடம் ஒரே தட்டில் சாப்பிட்ட, துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக்காரி டப்பாவைத் தூக்கிக்கொண்டு வேறு மூலைக்குப் போனாள். "அந்தப் பொண்ணு யாருன்னு சொல்லு, நம்பறேன்" என்றார்கள் பலர். சொல்லவில்லை. ஊருக்கே கேட்கிற மாதிரி பேசுகிறவள் என்று பேர் வாங்கிய நான், அந்த ஒரு பெயரை மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளேயே வைத்திருந்தேன். அழுகை வந்தது, அழுதேன். மறுநாள் வேலைக்குப் போனேன்.

காஜாவும் வந்தாள். செவ்வாய்க்கிழமை ஏழாவது வரிசை, மூன்றாவது மெஷின். சித்தி கேட் வரைக்கும் கூட வந்து விட்டுவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை பேச்சுவார்த்தை. தலைவர் இடத்தில் நான். எதிரே நிர்வாகத்தின் ஆட்கள் ஆறு பேர். பர்சனல் மேனேஜர் பேனா மூடியைக் கழற்றிக்கொண்டே சிரித்தார். "உங்க தலைவர் வரலையா? ஏதோ விவகாரம்னு கேள்விப்பட்டோம். பெண்கள் பாதுகாப்பப் பத்தி எங்களுக்குப் பாடம் எடுப்பீங்களே, இப்போ வீட்டுக்குள்ளயே..."

பக்கத்தில் மாஸ்டர் கை மேஜைக்கடியில் என் முட்டியைத் தட்டியது, பேசாதே என்று. எட்டு நாளாக நாங்கள் எல்லோரும் பயந்து செத்த கேள்வி இதுதான். கேட்டு முடித்ததும் அது அவ்வளவு பெரிய கேள்வியாகத் தெரியவில்லை.

"ஆமா சார். எங்க ஆள் மேல புகார் வந்துச்சு" என்றேன். "வெளிய நிறுத்தியிருக்கோம். விசாரண நடக்குது. எட்டாவது பிரிவு என்ன சொல்லுதோ அதச் செஞ்சோம். உங்க பேக்கிங் மேனேஜர் மேல போன வருஷம் நாங்க குடுத்த மூணு புகார் இருக்கு. அவர் இன்னும் உள்ளதான் நடமாடறார். இன்னிக்கு அதுலேர்ந்து ஆரம்பிக்கலாமா?"

பேனா மூடி திரும்பப் போனது. அவர் கோப்பில் எதையோ தேட ஆரம்பித்தார். மாஸ்டர் கையை எடுத்துக்கொண்டார். கேட்ட சம்பளம் முழுக்க அன்று கிடைக்கவில்லை, முக்கால்வாசி கிடைத்தது. வெளியே வந்ததும் மாஸ்டர், "பரவால்ல, கிழியல" என்றார். அவரிடம் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை சங்க அறையில் பெண்கள் கூட்டம். காஜா வருவாளா என்று எனக்குத் தெரியாது. வா என்று நான் சொல்லவில்லை, அறை திறந்திருக்கும் என்று மட்டும் சொல்லியிருந்தேன். பத்து மணிக்கு வந்தாள். வாசலில் நின்று உள்ளே ஒரு சுற்றுப் பார்த்தாள். தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டிருந்தோம், கதவில் அது இருந்த இடத்தில் நாலு ஓட்டை. அதைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து பெஞ்சில், நடுவில், உட்கார்ந்தாள்.

"அக்கா, கீழ ஒருத்தங்க நிக்கறாங்க" என்றாள். "நேத்து பஸ் ஸ்டாப்ல நம்ம கம்பெனி பேட்ஜப் பாத்துட்டு, தலைவர வெளிய நிறுத்திட்டாங்களாமேன்னு என்கிட்ட கேட்டாங்க. பழைய உறுப்பினராம். மேல வரத் தயங்கறாங்க."

இறங்கிப் போனேன். கடைசிப் படிக்குப் பக்கத்தில், சுவரோடு ஒட்டி நின்றிருந்தவள் எனக்கு முன்னால் இணைச் செயலாளராக இருந்தவள். ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் திடீரென்று பதவியை உதறிவிட்டு வேறு கம்பெனிக்குப் போனாள். அவள் இடத்துக்குத்தான் நான் வந்தேன். பதவி ஏற்ற கூட்டத்தில் அவளைப் பற்றி மைக்கில் பேசினேன். கம்பெனிக்குப் பயந்து ஓடிய கோழை என்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தலைவர்தான் முதலில் கை தட்டினார்.

அவள் முகத்தைப் பார்த்ததும், அன்று அவள் யாருக்குப் பயந்து ஓடினாள் என்று புரிந்துவிட்டது. "என்ன மன்னிச்சிடு" என்றேன்.

"அத அப்புறம் பேசிக்கலாம்" என்றாள். கண் மாடிப்படி மேலேயே இருந்தது. "அவன் உள்ள இல்லையே?"

"இல்ல" என்றேன்.

அவள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியேறினாள்.